கட்டில் கொள்ளாத அறை

திருமங்கலத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த கட்டில், மதுரைச் செல்லூர்ச் சந்துக்குள் தட்டாமல் நுழைந்தது. வீட்டு நிலையிலும் நுழைந்தது. கூடத்தில் ஒருக்களித்துத் தூக்கி அறைக்குள்ளும் கொண்டுபோய்விட்டார்கள். இறக்கி வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தலைமாடு அறையின் கடைசிச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. கால்மாடு வாசற்படியைத் தாண்டிக் கூடத்தில் நிற்கிறது.

படுத்தால் தலை அறையில் இருக்கும், கால் கூடத்தில் இருக்கும். கதவைச் சாத்தவே முடியாது.

வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குறுக்க போட்டுப் பாருங்க” என்றார். போட்டுப் பார்த்தோம். அந்தப் பக்கச் சுவர்களும் இடம் கொடுக்கவில்லை.

“நான் அளந்தேன்ல?” என்றார் எங்கள் வீட்டுக்காரர். “சேந்துகயித்தப் போட்டு அளந்தேன்ல? கட்டிலு போக, தொட்டிலு போக, இன்னும் ஒரு ஆளு காலை நீட்டிப் படுக்கலாமே!”

“எங்கிட்டு நின்னு அளந்தீங்க?”

“வெளிய. பக்கத்துச் சந்துல நின்னு.”

“வெளிய அளந்தா வெளியதான் படுக்கணும்.”

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. சுவர்களின் கனத்தைக் கழித்துத்தான் கணக்குப் போட்டதாகச் சொல்லி, அதே கயிற்றை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினார். அளந்து, கழித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். மறு நுனியோடு அவர் கடைசிச் சுவர்வரை போனார். அறை முடிந்துவிட்டது, கயிறு முடியவில்லை. மிச்சக் கயிறு அவர் காலடியில் சுருண்டு கிடந்தது.

இரண்டு பேரும் அந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே இருக்கிற வீடு உள்ளே இல்லை.

வாடிப்பட்டியை விட்டுக் கிளம்பியதைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். “சண்டை போட்டுக்கொண்டா கிளம்பினீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆமாம் அம்மா, சண்டை போட்டுக்கொண்டுதான். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டில் கதையைச் சொல்ல முடியாது.

ஜன்னல் இல்லாத அறை

யுத்தம் வருவதற்குச் சில வருடங்கள் முந்தி. எங்கள் வீட்டுக்காரர் சோலை மதுரை மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நான் வாடிப்பட்டியில் மாமியார் வீட்டில் இருந்தேன். நிலமும் மாடும் உள்ள பெரிய குடும்பம். சோற்றுக்குக் குறைவில்லை.

அந்த வீட்டில் பிரசவத்துக்கென்று ஓர் அறை உண்டு. நெல் குதிர்களுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறை. பகலிலும் விளக்கு வேண்டும். கதவைச் சாத்தினால் எண்ணெய்ப் புகையும் நெல் சுணையும் தொண்டையில் வந்து உட்காரும். பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்று கதவை எப்போதும் சாத்தித்தான் வைப்பார்கள்.

என் முதல் பிள்ளை அங்கே பிறந்தது. அழவில்லை. இரண்டாவது பிறந்ததும் அழுதது. மறுநாள் அழவில்லை.

ஜன்னல் இல்லாததால்தான் போயின என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு என்ன தெரியும்? ஆனால் மூன்றாவது வயிற்றில் வந்தபோது நான் அந்த அறைக் கதவுப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். “ஜன்னல் இருக்கிற அறையாப் பாருங்க. இல்லாட்டி நான் வைகைக் கரையில படுத்துப் பெத்துக்கிறேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

பெண்கள் பிறந்த வீட்டில் பிள்ளை பெறுவதுதானே வழக்கம் என்று கேட்பீர்கள். திருமங்கலத்தில் எனக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும்தான். அவர் என்னை மிஷன் பள்ளியில் எட்டாவதுவரை படிக்க வைத்த மனிதர், பிரசவம் என்றால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. “ஒன்னய ஒங்க ஆத்தா பெத்த கட்டிலு இருக்கு. அதை அனுப்புறேன்” என்றார். அம்மாவுக்குப் பதிலாகக் கட்டில் வந்தது. அதுதான் இப்போது பாதி அறையிலும் பாதி கூடத்திலும் நிற்கிறது.

அத்தை, அதாவது என் மாமியார், என்னோடு சண்டை போட்டு ஓய்ந்து எங்களை விட்டபோது மகனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். சித்திரைக்குள் செல்லூர் வீடு சரிப்பட்டு வராவிட்டால் என்னை வாடிப்பட்டிக்கே கூட்டி வந்துவிட வேண்டும். இவரும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தார். பங்குனி பிறந்துவிட்டது.

அவர் பார்த்த ஜன்னல்

“ஜன்னல் எங்க?”

கட்டில் வந்த அன்று மாலை நான் கேட்ட கேள்வி அதுதான்.

“இருந்துச்சு. நான் பாத்தேன்.”

“உள்ளயா, வெளியவா?”

வெளியேதானாம். வீடு பார்க்கப் போனபோது அறை நிறைய நூல் மூட்டைகளை உத்திரம்வரை அடுக்கி வைத்திருந்தார்களாம். முன்பு அங்கே இருந்தவர் நூல் வியாபாரி. அதனால் உள்ளே தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, தெருப் பக்கம் ஜன்னல் இருப்பதை வெளியே நின்று பார்த்திருக்கிறார். மில் சங்கு ஊதிவிட்டது, ஓடிவிட்டார். நாங்கள் வீடு வாங்கிய லட்சணம் இது.

தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க வறட்டி. எதிர்வீட்டு அழகம்மாள் அக்காவிடம் ஒரு பசு இருந்தது. வெயில் நன்றாக விழுகிற சுவர் எங்களுடையது. ஆள் இல்லாத வீடுதானே என்று, தரையிலிருந்து கை எட்டுகிற உயரம்வரை தட்டி வைத்திருந்தார்.

“அக்கா, இந்தச் சுவத்துல ஜன்னல் இருக்கா?”

“ஜன்னலா? நான் வாக்கப்பட்டு வந்த நாளா அங்கிட்டு ஒரு ஜன்னலு தொறந்து பாத்ததில்லையே, தங்கச்சி.”

“தொறக்காட்டிப் போகுது. இருக்கா?”

“வறட்டி காயட்டும். பேத்துட்டுப் பாத்துக்கலாம்.”

காய்கிறவரை காத்திருந்தேன். வேறு என்ன செய்வது? அந்த நாட்களில் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். செல்லூரில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம்தான். கட்டை போய் முட்டுவதும் திரும்புவதும் சுவர் வழியாகக் கேட்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றால் நன்றாகக் கேட்கும். அந்த அறைக்குள் போனால் ஒன்றுமே கேட்காது. யாரோ காதைப் பொத்திவிட்டதுபோல இருக்கும். எனக்கு அது பயமாக இருந்தது.

பார்க்கப் பார்க்க, அந்த வீட்டில் புரியாதது பெருகிக்கொண்டே போனது. அடுப்படியில் மூன்று மூலைகளில் கரி படிந்திருந்தது. அடுப்பை ஒவ்வொரு மூலையாக மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. வாசல் நிலை தெருவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கோணிக்கொண்டு நின்றது. கோணல் என்று நினைத்தால், பக்கத்தில் பழைய நிலையின் தடம் நேராகத் தெரிந்தது. நேராக இருந்ததை எடுத்துவிட்டுக் கோணலாக வைத்திருக்கிறார்கள்! காசு கொடுத்து யாராவது இப்படிச் செய்வார்களா?

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது ஓர் இரும்பு வளையம். அறை உத்திரத்தில் தொட்டில் கட்டுவதற்கென்று அடித்த வளையம் அது. பாதிதான் வெளியே தெரிந்தது. மறுபாதி கடைசிச் சுவருக்குள் போயிருந்தது. சுவருக்குள் தொட்டில் கட்டுகிறவர்கள் யார்?

இதை அவரிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. சுவரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “புள்ள, உள்ள எதையோ வச்சு மூடிருக்காக” என்றார். புதையல் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்ணில் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அழகம்மாள் அக்கா வறட்டிகளைப் பெயர்த்துக் கூடையில் அடுக்கினார். சாணத் தடத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு மரச்சட்டம் தெரிந்தது. பிறகு இரண்டு கதவுகள். சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக அடித்து, சுவரோடு சுவராக ஆகிப்போயிருந்தன.

“நான் சொன்னேன்ல!” என்று எங்கள் வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். அத்தனை நாளும் பொய்யர் பட்டம் சுமந்த மனிதர், பாவம்.

ஜன்னல் இருக்கிறது. ஆனால் தெருவில் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே போய் அதே இடத்தைப் பார்த்தால் வெறும் சுவர்.

கடப்பாரையோடு வந்தவர்

மறுநாள் எங்கள் வீட்டுக்காரர் வீரணன் கொத்தனாரை அழைத்து வந்தார். செல்லூரில் பாதிச் சுவர் அவர் கட்டியது என்று பேர். குட்டையான, கலகலப்பான மனிதர். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டே வந்தார். அறைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இதையா இடிக்கச் சொல்றீக?”

“ஆமாண்ணே.”

“இது நான் கட்டுன சுவராச்சே, தாயி!”

எங்கள் வீட்டுக்காரரின் புதையல் அந்த நிமிடமே போய்விட்டது. கொத்தனார் சுவரைத் தடவிக்கொடுத்தார், மாட்டைத் தடவுவதுபோல. “பாருங்க, ஒரு கீறல் இருக்கா? பூச்சு கண்ணாடி கணக்கா இருக்குல்ல?”

“எதுக்குண்ணே கட்டுனீக?”

“அந்த நூலு ஏவாரிக்குத் தொழிலு படுத்துப்போச்சு. யாரோ மனையடி பாக்கச் சொல்லிருக்காக. செருப்பைக் கழட்டிட்டு இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் அடி வச்சு அளந்தாரு. ஆகாத எண்ணுல வந்து நின்னுருச்சு. ஒரு சுவரு வச்சு உள்ளளவைக் குறைச்சா நல்ல எண்ணுக்கு வந்துரும்னாரு. கட்டிக் குடுத்தேன்.”

“தொழிலு நிமிந்துச்சா?”

“வீட்டை வித்துட்டுல போயிட்டாரு!” என்று சொல்லிவிட்டு, கெட்ட செய்தி சொன்னதுபோலவே இல்லாமல் வெற்றிலையைத் துப்பப் போனார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. அறையின் உள்ளளவு எத்தனை அடி என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பலன். ஓர் எண்ணுக்குச் செல்வம் சேரும், ஒன்றுக்குப் பகை வரும், ஒன்றுக்கு மாடு கன்று பெருகும். எந்த எண்ணுக்கு எது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இதழைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வீட்டை அளக்கப் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். இப்போது அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். அன்றைக்குச் சிலர், வீட்டுக்கு உரியவனின் காலடிதான் அடி என்று பிடிவாதமாக இருந்தார்கள்.

கொத்தனார் சொல்லி முடித்ததும், அப்பாடா, மர்மம் தீர்ந்தது, இனி சுவர் போய்விடும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

“என்ன பண்றீங்க?”

“சும்மா பாப்போம்.”

குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்தார். கட்டைவிரலுக்கு முன்னால் அடுத்த குதிகால். உழவில் அகன்றுபோன பெரிய பாதம் அவருக்கு. அறையின் மறுகோடியில் போய் நின்று எண்ணைச் சொன்னார். கொத்தனார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

“இன்னொரு தரம் அளங்க, மாப்ள.”

அளந்தார். அதே எண்தான்.

“சொல்லுங்கண்ணே. என்ன பலன்?”

கொத்தனார் என் வயிற்றைப் பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார். பிள்ளை தங்காது என்கிற எண் அது.

“ஒரு சுவரு வச்சா?” என்றார் இவர்.

“வைக்கலாம். அரைச் செங்கச் சுவரு ஒண்ணு போதும்.”

கட்டில் கொள்ளவில்லை என்று இடிக்க வந்தவர்கள், இன்னொரு சுவர் எழுப்பப் பேசிக்கொண்டிருந்தார்கள்!

யார் கால்?

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். வாடிப்பட்டிக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

“அண்ணே, அந்த நூலு ஏவாரிக்குப் பாதம் பெருசா, சின்னதா?”

“சின்னப் பாதம், தாயி. பொம்பளப் பாதம் கணக்கா.”

“அவரு காலுக்கு நல்ல எண்ணு. இவரு காலுக்குக் கெட்ட எண்ணு. சுவரு ஒண்ணுதான? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, அவரு காலுக்குத் தோதா இன்னொண்ணு கட்டுவாரு. கடைசியில இதுல ஒரு வெளக்கமாத்தைத்தான் சாத்தி வைக்கலாம்.”

கொத்தனார் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“ரெண்டு போயிருச்சு, புள்ள. மூணாவதையும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?”

என் கோபம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அன்றுவரை அந்த இரண்டைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. இரண்டு தடவையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். ஆண்பிள்ளைக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் மனத்துக்குள் கசந்துகொண்டிருந்தேன். அவர் பயத்தோடுதான் இத்தனை நாளும் என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கொத்தனார் முன்னால் அழ வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

“வீட்டுக்கு உரியவங்க காலுன்னா, ஆம்பள காலுதானாண்ணே? பொம்பள காலு ஆகாதா?”

கொத்தனார் தலையைச் சொறிந்தார். “சில பேரு ஆம்பளம்பாக. சில பேரு அடுப்பு மூட்டுறவ காலுதான் கணக்கும்பாக.”

“அப்ப என் காலால அளங்க.”

கொத்தனார் சுவரில் கை வைத்துக்கொள்ளச் சொன்னார், நான் நடந்தேன். அந்த மாதத்தில் என் பாதம் இரண்டும் வீங்கிப் பணியாரம்போல உப்பியிருந்தன. வீங்குவதற்கு முந்திய காலால் அளக்க வேண்டுமா, வீங்கிய காலாலா என்று இவர் வேறு சந்தேகம் கேட்டார். கடைசியில் முழுப் பாதம் வைக்க இடமில்லாமல் பாதிப் பாதத்தில் வந்து சுவர் தட்டியது.

“அரையிலயா நிக்குது?” என்றார் கொத்தனார்.

“அரைக்கு என்ன பலன்?”

“அரைக்குப் பலன் கிடையாதே, தாயி.”

மூன்று பேரும் முழித்தோம். வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அழகம்மாள் அக்காவும் சேர்ந்து முழித்தார். எது அடி, எது கால், எது வீடு, ஒன்றும் பிடிபடவில்லை. கூடத்தில் துருத்திக்கொண்டிருந்த என் அம்மாவின் கட்டில் நுனியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் ஒன்று தோன்றியது.

“இந்தாங்க, இது முதச் சுவரே இல்லையே. ஜன்னலு இதுக்கும் பின்னாடிதான இருக்கு? வீட்டைக் கட்டுனவன் எந்தச் சுவரைக் கட்டுனானோ, அதுவரைக்கும் இடிப்போம். பெறகு உங்க காலாலயே அளங்க. ஆகாத எண்ணு வந்துச்சுன்னா நானே வாடிப்பட்டிக்கு வண்டி ஏறுறேன். அந்த அறையிலயே படுக்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளூரப் பயம்தான். அந்த அறைக்குத் திரும்பிப் போவதற்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். எண் எதுவாக வரும் என்று எனக்கு என்ன தெரியும்?

அவர் கொத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தார்.

கரிக்கோடுகள்

தன் சுவரை இடிக்க வீரணன் கொத்தனாருக்கு மனசே வரவில்லை. முதல் செங்கல்லை உருவும்போது, “இம்புட்டுச் சுண்ணாம்பு எவன் போடுவான் இந்தக் காலத்துல!” என்றார். ஒவ்வொரு கல்லையும் எங்களிடம் காட்டிவிட்டுத்தான் அடுக்கினார். உத்திரத்து வளையம் முழுசாக வெளியே வந்தது.

அவர் சுவருக்குப் பின்னால் ஜன்னல் இல்லை. இன்னொரு சுவர் இருந்தது. மண் சுவர், முழங்கைக் கனத்துக்கு.

கொத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இதைத்தான முதச் சுவருன்னு நெனச்சு நான் கட்டுனேன். எனக்கு முந்தியே ஒருத்தன் குறைச்சிருக்கானே!”

“அது யாருண்ணே?”

“நான் என்னத்தக் கண்டேன்?”

அழகம்மாள் அக்காவைக் கேட்டோம். நூல் வியாபாரிக்கு முன்னால் யாரோ தாலுகா கச்சேரி உத்தியோகஸ்தர் குடும்பம் இருந்ததாகக் கேள்வி, அவருக்கு முன்னால் யார் என்று தெரியாது என்றார். கோணல் நிலையை வைத்தது யார், அடுப்பை மூலைக்கு மூலை துரத்தியது யார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் கஷ்டத்துக்கு வீட்டில் எதையாவது ஒன்றை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. என்ன கஷ்டம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மண் சுவர் மழையில் கரைகிற மாதிரி கடப்பாரைக்குக் கரைந்து விழுந்தது. புழுதி அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபோது, சாத்திய ஜன்னல் கதவுகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக அறைக்குள் விழுந்திருந்தது. எங்கிருந்தோ தறிச் சத்தம் கேட்டது. அந்த அறையில் அதுதான் முதல் தடவை.

“மாப்ள, இங்கன பாருங்க,” என்றார் கொத்தனார்.

ஜன்னலுக்குக் கீழே பழைய சுண்ணாம்புச் சுவர். அதில் கரியால் கிறுக்கியிருந்தது. முழங்கால் உயரத்தில் வெறும் வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அதற்கு மேலே திமிலோடு ஒரு காளை, கால்கள் மட்டும் ஐந்து. இடுப்பு உயரத்தில் ஒரு கோபுரம். வரைந்த பிள்ளைக்கு நிறுத்த மனசில்லாமல் நிலை மேல் நிலையாக ஜன்னல் சட்டம்வரை ஏற்றிக்கொண்டே போயிருந்தது. பக்கத்தில் தலைகீழாக ஓர் ‘அ’ எழுத்து.

பெரிய பிள்ளை ஒன்று, நடுப்பிள்ளை ஒன்று, அப்போதுதான் நிற்கப் பழகிய பிள்ளை ஒன்று. குறைந்தது மூன்று.

என்னால் அடக்க முடியவில்லை. மண் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பெற்ற பிள்ளைகளோ! முகம் தெரியாது, பேர் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவை அத்தனை சொந்தமாக இருந்தன.

“யாரு புள்ளைகக்கா இது?” என்று இவர் அழகம்மாள் அக்காவைக் கேட்டார்.

“தெரியலையே, தம்பி.”

“இருக்குதுகளா? பெரிய ஆளா ஆயிருச்சுகளா?”

அக்கா உதட்டைப் பிதுக்கினார். யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி எங்கேயாவது போனார்களா, அவர்களுக்கு ஏதாவது ஆகி, அதற்குத்தான் அந்த மண் சுவர் எழுந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நல்லவிதமாக நினைக்கிற நாளும் உண்டு, நினைக்க முடியாத நாளும் உண்டு.

எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். வாக்கு வாக்குதானே. மண்ணைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஜன்னலுக்கு நேர் கீழே சுவரோடு ஒட்டி வலது குதிகாலை வைத்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பிள்ளையின் வட்டங்கள் இருந்தன. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

அடுத்த காலை அவர் வைக்கவில்லை.

“அளக்கலையா, மாப்ள?” என்றார் கொத்தனார்.

“நாளைக்கு அளந்துக்கலாம்ணே. மொதல்ல அந்தக் கட்டிலைப் பிடிங்க.”

கட்டில் உள்ளே போயிற்று. தலைமாட்டிலும் இடம் இருந்தது, கால்மாட்டிலும் இடம் இருந்தது. கதவு சாத்தியது. அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. அறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, ஜன்னலுக்குக் கீழே மட்டும் மட்டையை வைக்கக்கூடாது என்று இவர் கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொன்னார். எனக்குத் தெரியாமல் சொன்னார். அடித்து முடித்த பிறகு நானாகத்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சித்திரை பிறந்தது. நான் வாடிப்பட்டிக்குப் போகவில்லை. அத்தைதான் மூட்டையோடு செல்லூருக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்ததும், “இம்புட்டு வெளிச்சத்துல எப்பிடித்தான் பெத்துக்கிருவாளோ!” என்றார். சுவரில் இருந்த கிறுக்கலை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் கதவை அவரே திறந்து வைத்தார்.

வைகாசியில் பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள்.

மறுநாளும் அழுதாள். அன்றைக்கு அவள் அழ அழ நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எதிர்வீட்டில் இருந்து அழகம்மாள் அக்கா, “புள்ளைக்குப் பாலைக் குடுங்கடி!” என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார்.

கடைசி அளவு

ஆடியோ ஆவணியோ, சரியாக நினைவில்லை. ஒரு பிற்பகல் கிணற்றடியில் துணி அலசிவிட்டு வந்தேன். அறைக்குள் அவர் குரல் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தார்.

மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேனே! ஈரத் துணியோடு வாசற்படியில் போய் நின்றேன்.

ஜன்னல் சுவரோரம் குந்தியிருந்தார். மகளை இரண்டு அக்குளிலும் பிடித்துத் தூக்கி, அவள் குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்து, கட்டைவிரலுக்கு முன்னால் அடுத்த குதிகாலை வைத்து அளந்துகொண்டிருந்தார். சோழி அளவுப் பாதம். அவள் காலை உதறுவாள், இவர் பிடித்து மறுபடி வைப்பார். கட்டிலின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் எண்ணிக்கை, மனையடி பார்க்கிறவர்கள் பலன் சொல்கிற எண்களையெல்லாம் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தது.

“என்ன எண்ணு வருது?” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். மகள் அந்த நேரம் பார்த்து இரண்டு காலையும் சேர்த்து உதைத்தாள்.

“இவ காலுக்குப் பலன் சொல்ல இன்னும் ஒருத்தன் பொறந்து வரணும், புள்ள,” என்றார். பிறகு தரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “ஆமா, நான் எத்தனையில விட்டேன்?”

“மொதல்ல இருந்து எண்ணுங்க,” என்றேன்.